ஆறாவது மாடியிலிருந்து ஒரு பியானோ

அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யில் படம்பிடிக்கும் பழக்கம் செல்போனோடு வந்ததல்ல. அங்கே மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெரால்டு எட்ஜர்ட்டன், கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகப் பளிச்சிட்டு அணையும் ஸ்ட்ரோப் விளக்கைக் கொண்டு, கண்ணுக்குச் சிக்காத வேகங்களையெல்லாம் படமாக்கினார். விழுந்த பால்துளி கிரீடம்போல எழும்புவதும், தோட்டா ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு போவதும் அவர் எடுத்த படங்களே. அவருடைய முறையைக் காட்டும் 'குயிக்கர் என் எ விங்க்' என்ற 1940ஆம் ஆண்டுக் குறும்படம் ஆஸ்கர் விருது பெற்றது.

அந்த வளாகத்தில் அதிவேகக் கேமராவுக்கு ஏற்ற காட்சி இன்னொன்றும் உண்டு. பேக்கர் ஹவுஸ் விடுதி மாணவர்கள், இனி பழுதுபார்த்துப் பயனில்லை என்றான பியானோவைக் கூரைக்கு ஏற்றி, ஆறு மாடி உயரத்திலிருந்து கீழே தள்ளுவார்கள். 1972இல் தொடங்கிய வழக்கம் இது. இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனதும் உண்டு. வேண்டாத பாடத்தை அந்தப் பருவத்தில் கைவிடுவதற்கான கடைசி நாளில் இது நடக்கும். பியானோ தரையைத் தொட ஏறத்தாழ இரண்டு விநாடிதான் ஆகும். வேகத்தைக் குறைத்து ஓட்டினால்தான் நடப்பது புரிகிறது: மரப்பெட்டி பிளந்து சிதற, கட்டைகள் நாலாபுறமும் தெறிக்கின்றன. விழுந்த இடத்தில் ஏற்படும் பள்ளத்தின் கொள்ளளவைக் குறிக்க 'புரூனோ' என்று ஓர் அளவையும் வைத்திருக்கிறார்கள். பியானோவைத் தள்ளும் யோசனையைச் சொன்ன மாணவரின் பெயர் அது.

இப்படிப்பட்ட குறும்புகளில் திறமையும் துணிச்சலும் மிகுந்தவற்றை அங்கே 'ஹேக்' என்பார்கள். 1982 நவம்பரில் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது மைதானத்துப் புல்தரையிலிருந்து ஒரு கறுப்புப் பலூன் கிளம்பி, எம்.ஐ.டி. என்ற எழுத்துகளோடு உப்பி, வெடித்தது. பலூனை ஊதும் கருவியை மாணவர்கள் முன்கூட்டியே மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்தார்கள்.

1994 மே மாதம் ஒரு காலையில் பிரதான கட்டடத்தின் பெரிய குவிமாட உச்சியில் போலீஸ் கார் ஒன்று நின்றது. உண்மையில் அது மரச்சட்டத்தின்மேல் பொருத்தப்பட்ட செவ்ரோலே காரின் வெளிக்கூடு மட்டும்தான். உள்ளே காவலர் உடையில் ஒரு பொம்மை, பக்கத்தில் ஒரு பெட்டி டோனட். காரின் எண்ணாக 'பை' குறி. கண்ணாடியில் தவறான இடத்தில் நிறுத்தியதற்கான அபராதச் சீட்டு வேறு! கட்டடத்துக்குச் சேதம் கூடாது, யாருக்கும் காயம் படக் கூடாது என்பது இந்த மாணவர்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட நெறி. இந்தப் பொறுப்புதான் இவர்களுடைய குறும்பை வெறும் சேட்டையிலிருந்து பிரிக்கிறது.

ஹேக் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ அகற்றப்பட்டுவிடும். வெளியுலகம் அதைப் பார்ப்பது பெரும்பாலும் படங்களிலும் வீடியோக்களிலும்தான். 2012 ஏப்ரலில் வளாகத்தின் உயரமான கிரீன் பில்டிங் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டின் முழுத் திரையானது. 17 வரிசைகளில் வரிசைக்கு 9 என 153 ஜன்னல்களில் வண்ண எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியிருந்தார்கள்; கீழே நின்றபடி யாரும் ஆடலாம். தொடக்கத்தில் பளிச்சென்றிருக்கும் நிறங்கள் அடுத்த கட்டத்தில் மங்கி, ஆடுபவரைத் திணறடிக்கும். கட்டடத்தின் நிழற்படத்தில் இந்த நுட்பம் தெரியாது. நிறம் மாறுவதைப் பார்க்க ஓடும் படம் வேண்டும்.

வளாகத்திலிருந்து வெளியே போன வீடியோக்களில் மிகப் பெரிய பயன் தந்தவை வகுப்பறையில் எடுத்தவை. பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக எம்.ஐ.டி. 2001இல் அறிவித்தது. கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999இல் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் அந்தத் தொகுப்பில் சேர்ந்தன. கரும்பலகையும் சாக்பீஸும் மட்டுமே கொண்டு அவர் எடுத்த பாடத்தை உலகெங்கும் மாணவர்கள் இன்றும் பார்த்துப் படிக்கிறார்கள். 2023 மே மாதம் அவர் நடத்திய கடைசி வகுப்பும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது.