கண்டக்டர் ஊதாத விசில்

திருவொற்றியூரில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: “எண்ணூர்ப் பக்கத்துக் காற்றைச் சுவாசித்தால் பிள்ளைகளுக்கு மூளை மந்தமாகிவிடும் என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. உண்மையா? என் வகுப்பில் நாலைந்து பேர் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறார்கள். பெற்றோர் அந்த வீடியோவைக் காட்டி என்னைக் கேட்கிறார்கள்.”

வீடியோவைப் பார்த்தேன். புகைபோக்கி, சோகமான வயலின், கடைசியில் ஏதோ ‘டீடாக்ஸ்’ மருந்துக்கான போன் நம்பர். மருந்து விற்க எடுத்த படம், அவ்வளவுதான். ஆனால் டீச்சரின் கேள்விக்குச் சென்னையிலேயே பாதி பதில் இருக்கிறது.

அனன்யா ராய், ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளின் ரத்தத்தில், மூளையைப் பாதிக்கும் உலோகமான காரீயத்தை அளந்தார்கள். சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் அப்போது 10-ஐத் தாண்டினாலே கவலைப்பட்டார்கள். இப்போது அந்த வரம்பு 3.5. பிள்ளைகளின் நடத்தையை அளந்து சொன்னவர்கள் அவர்களுடைய ஆசிரியர்கள். தொடங்கியதை முடிக்கிறானா, எதற்கெடுத்தாலும் பயப்படுகிறானா, மற்ற பிள்ளைகளோடு ஒட்டுகிறாளா என்ற மாதிரிக் கேள்விகளுக்கு மதிப்பெண் போடும் கானர்ஸ் அளவுகோல் அவர்களிடம் தரப்பட்டது. காரீயம் மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பிள்ளைகளைவிடப் பதற்றமும் கவனச்சிதறலும் கூடுதல். திட்டமிட்டு ஒரு வேலையைச் செய்யும் திறனும் குறைவு. குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் போகவில்லை.

ஒருமுறை எடுத்த ரத்தம் ‘இதனால்தான் அது’ என்று நிரூபித்துவிடாது. வித்தியாசமும் பெரியதல்ல, கூட்டமாகப் பார்த்தால்தான் தெரியும், தனி ஒரு பையனைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘வடசென்னைப் பசங்க அப்படித்தான்’ என்று சினிமா குத்திவைத்திருக்கும் முத்திரைக்கு இந்த ஆய்வில் ஆதாரம் தேடுபவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

வரலாறு இல்லாமல் கட்டுரையை விடமாட்டார்கள் என்பதால் ஒரு பத்தி. ரோமானியர்களின் காரீயத் தண்ணீர்க் குழாயைத் தாண்டி நேரே 1979-க்கு வந்துவிடுவோம். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், பாஸ்டனை ஒட்டிய இரண்டு ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், விழுந்த பால் பற்களைக் கேட்டு வாங்கினார். காரீயம் ரத்தத்தில் ஒரு மாதம் போலத்தான் தங்கும். பல்லிலும் எலும்பிலும் வருஷக்கணக்கில் இருக்கும். யாருடைய பல்லில் எவ்வளவு என்று தெரியாமலேயே ஆசிரியர்கள் 2,146 பிள்ளைகளை எடைபோட்டார்கள். பல்லில் காரீயம் கூடக் கூட, ‘கவனமில்லை’ என்ற குறிப்பும் படிப்படியாகக் கூடியிருந்தது. டீச்சர் கண் நல்ல கருவி.

இனி எனக்குப் பிடித்த இடம்.

காரீய அயனிக்கும் கால்சிய அயனிக்கும் மின்னூட்டம் ஒன்று, பருமனும் கிட்டத்தட்ட ஒன்று. உடம்புக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல வேண்டுமானால், சரியான நொடியில் கால்சியம் உள்ளே பாய வேண்டும்; அப்போதுதான் வேதித்தூது வெளியே கொட்டும். கால்சியம் என்பது பஸ்ஸில் கண்டக்டரின் விசில். காரீயம், பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு விசிலடிக்கும் பையன். தேரடி நிறுத்தத்தில் பாட்டி ஒரு காலை மேலே வைத்திருக்கிறார், இவன் இரண்டு ஊது ஊதுகிறான், வண்டி கிளம்பிவிடுகிறது. யார் ஊதியது என்று டிரைவருக்குத் தெரியாது. இது பாதிக் கதை. மீதி, இவன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் கண்டக்டர் பின்பக்கம் வர முடியவில்லை; காலாடிப்பேட்டையில் அவர் நிஜமாக ஊதும்போது சத்தம் எட்டவில்லை, வண்டி நிற்கவில்லை. நரம்பு முனையிலும் இந்த இரண்டும்தான் நடக்கின்றன. செல்லுக்குள் புகுந்த காரீயம், சேதி இல்லாத நேரத்தில் தூதைக் கசியவிடுகிறது. வெளியே இருக்கும் காரீயம் கால்சியத்தின் வாசலை அடைத்து, சேதி வரும் நேரத்தில் தூதைக் குறைக்கிறது. இரைச்சல் கூடுகிறது, சேதி தேய்கிறது.

பஸ்ஸை இன்னும் கொஞ்சம் ஓட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து டிப்போவில் கணக்குப் பார்க்கிறார்கள்: வண்டி நிற்காத நிறுத்தங்களை எடுத்துவிடலாம், நின்ற இடங்களில் நிழற்குடை கட்டலாம். பையன் ஊதிய ஊதலுக்கு ஒரு புது ரூட்டே பிறந்துவிடுகிறது. சின்ன வயதில் மூளையும் இப்படித்தான், அடிக்கடி பயன்படும் இணைப்புகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். அந்த வயதில் பொய் விசில் கேட்டால் கழிப்பதே தப்பாகிவிடும். டிரைவரின் சம்பளம், டீசல் என்று இழுத்தால் ஒப்புமை கவிழ்ந்துவிடும், இறங்கிக்கொள்வோம்.

கொஞ்சம்தானே என்று விடவும் முடியாது. ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 1,333 பிள்ளைகளின் கணக்கை 2005-ல் புரூஸ் லான்ஃபியர் குழு பார்த்தது. காரீயம் 2.4-லிருந்து 10-க்கு ஏறும்போது ஐ.க்யூ. 3.9 புள்ளி குறைகிறது. 10-லிருந்து 20-க்கு ஏறும்போது இன்னும் 1.9தான். முதல் சில மைக்ரோகிராம்தான் அதிகம் கெடுக்கிறது.

எங்கிருந்து வருகிறது? புகைபோக்கியைக் கைகாட்டுவது சுலபம். நிலக்கரிச் சாம்பலில் காரீயம் துளித்துளியாக உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படர்ந்ததும் அமோனியா கசிந்ததும் நிஜமான துயரங்கள்; அவற்றின் கணக்கு வேறு. குழந்தையின் உடம்புக்குள் காரீயம் பெரும்பாலும் தரைத் தூசியிலிருந்து கை வழியாக வாய்க்குப் போகிறது. 2000-ல் நாடு முழுக்க நிறுத்தும்வரை பெட்ரோலில் அது இருந்தது. மண்ணில் விழுந்தது மக்காது. வீட்டு பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ராயபுரத்துப் பழைய வீட்டு கிரில்லைச் சுரண்டினால் அதற்கு முந்தைய பெயின்டெல்லாம் பொடியாக உதிரும். பழைய பேட்டரியை உடைக்கும் கடை, வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டை வீட்டு அடுப்பில் உருக்கி வார்ப்பது, இவையும் உண்டு. (ஈயச்சொம்பு ரசக்காரர்கள் பதற வேண்டாம். அது வெள்ளீயம், கலப்படம் இல்லாதவரை.)

விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் உடம்பில் பத்தில் ஒரு பங்கு ஏறினால், குழந்தைகளுக்குப் பாதிவரை ஏறும். வெறும் வயிறு இன்னும் மோசம்: பெரியவர்களிடம் செய்த சோதனைகளில், சாப்பாட்டோடு போன காரீயத்தில் சில சதவீதம்தான் ஏறியது, பட்டினி வயிற்றில் 60 சதவீதத்துக்கு மேல். இரும்புச்சத்து குறைந்தால் குடல் இரும்புக்கான கதவுகளை அதிகமாகத் திறக்கும். காரீயமும் அதே கதவில் நுழையும். 2022 செப்டம்பரில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே வடசென்னைப் பள்ளிகள் இருந்தன. காரீயத்தை நினைத்து யாரும் அந்த ரவா கிச்சடியைக் கிண்டவில்லை. ஆனாலும் எட்டரை மணிக்கு நிறைந்த வயிறு, குடலில் காரீயம் ஏறுவதைக் குறைக்கும் வேலையையும் பார்க்கிறது.

டீடாக்ஸ் விஷயம். அமெரிக்காவில் காரீயம் மிகுந்த 780 சிறு குழந்தைகளில் ஒரு பாதிக்கு, காரீயத்தை இழுத்து வெளியேற்றும் சக்சிமர் என்ற மருந்தையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் காரீயம் இறங்கியது. 2001-ல் வந்த முடிவு: அறிவுத்திறன், நடத்தைச் சோதனைகளில் இரு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் காரீய அளவு மிக அதிகமானால் அந்த மருந்து உயிரைக் காக்கும். மருத்துவமனையில் கொடுக்க வேண்டியது. நிஜ மருந்தின் கதியே இது என்றால், கூரியரில் வரும் பொடிக்கும், கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் ‘மிட்பிரைன்’ வகுப்புக்கும் என்ன இடம் என்று பெற்றோரே தீர்மானிக்கட்டும்.

டீச்சர், அந்த நாலைந்து பேருக்கு முதலில் கண், காது, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம் எப்படி, வீட்டில் சண்டையா என்று விசாரியுங்கள். காரீயத்தைவிட இவை அடிக்கடி காரணமாக இருக்கும். அப்பாவுக்கு பேட்டரி கடையிலோ பழைய பெயின்ட் சுரண்டும் இடத்திலோ வேலை என்றால், ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம், அதைத் தனியாகத் துவைக்கட்டும். வகுப்பறையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.