பாவு முதலில், ஊடை பிறகு



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் நடைபெறும் நமது ஆஸ்பத்திரியில் வைஃபை வசதியைப் புதுப்பிக்க ஆலோசனை நடந்து வருகிறது. "வைஃபை 7 வந்துவிட்டதாமே, அதையே மாட்டிவிடலாமே" என்று அன்பர்கள் சிலர் கேட்டார்கள். கம்ப்யூட்டர் பிரிவு சகோதரர்கள் எங்களுக்கு விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறோம்.

நள்ளிரவில் ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வராததால், நர்ஸ் வார்டை விட்டு லேபுக்கு நடந்துபோய் வாங்கி வந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். பழைய கல் சுவருக்கு அப்பால் இருக்கும் கடைசிக் கட்டில் அது. அந்தச் சில நிமிடங்கள் நோயாளிக்குப் பெரிது. ஆகவே இது ஆடம்பரக் காரியம் அல்ல.

வைஃபை அலைகள் செல்லும் பாதைகள் மூன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதை குறுகிய பழைய ரோடு. ஒன்றோடொன்று மோதாமல் மூன்று வரிசைதான் போகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அகலமானது. நம் அரசு 2018 அக்டோபரில் இதில் பெரும்பகுதியை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. புதியது 6 கிகாஹெர்ட்ஸ். 2024 ஜனவரியில் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7, தன் முழு வேகத்தை இந்தப் பாதையில்தான் காட்டும்.

அமெரிக்கா 2020இல் இதில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. இந்தியாவில் 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகள், கட்டடத்துக்குள் குறைந்த சக்தியில் பயன்படுத்த 500 மெகாஹெர்ட்ஸை முன்வைத்தன. விளம்பரத்தில் சொல்லும் வேகத்துக்கு 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. 500க்குள் அப்படி ஒன்றுதான் அடங்கும். ஆனால் அடுத்தடுத்த வார்டுப் பெட்டிகள் ஒரே தடத்தில் பேசினால் ஒன்றையொன்று தடுக்கும். ஆகவே நாம் தடங்களைக் குறுக்கிப் பங்கிட வேண்டும். அந்த வேகம் நமக்குக் கிடைக்காது. மேலும் 6 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. நர்சுகள் கையிலுள்ள பழைய டேப்லெட்டுகளோ அந்தப் பாதையை அறியவே மாட்டா.

தறி ஓட்டும் வெள்ளகோவில் மக்களுக்கு ஒன்று தெரியும்: பாவு சரியில்லாமல் ஊடை எவ்வளவு வேகமாக ஓடினாலும் துணி வராது. வைஃபைக்குப் பாவு, சுவருக்குள் ஓடும் வயர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வயர் போக வேண்டும். சுவிட்சிலிருந்து அது 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதே வயரில்தான் மின்சாரமும் செல்கிறது. பழைய சுவிட்சுகள் ஒரு பெட்டிக்கு 15.4 வாட் தரும். புதிய பெட்டிகள் பல 30 வாட் வரை கேட்கின்றன.

ஆகவே நாங்கள் தீர்மானித்த வரிசை இது. முதலில் வார்டு வார்டாக நடந்து அலையின் பலத்தை அளப்பது. அடுத்து வயர், சுவிட்ச், மின்தடைக்கு யு.பி.எஸ். அதன் பிறகே பெட்டிகள்; அவையும் இந்திய அரசின் ஒப்புதல் பெற்றவையா என்று பார்த்து, கல் சுவர் வார்டிலிருந்து தொடங்குவது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மானிட்டர்கள் வயரிலேயே இருக்கும்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுகிறவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துக்கொண்டோம். சுவருக்குள் போகும் வயரில் எவர் பெயரையும் பொறிக்க முடியாது. ஆனாலும் அந்தக் கடைசிக் கட்டிலுக்கு உங்கள் காணிக்கை சென்று சேருவது அதன் வழியாகத்தான். இப்பணிக்காக ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி சாப்ளின்