ஃபுளோரைடு கறைக்குப் பல்லை எவ்வளவு ராவலாம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சிற்றூர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் காணப்படும் பழுப்புக் கறையை, பல் துலக்காததன் விளைவு என்று வெளியூரார் எண்ணிவிடுவதுண்டு. எவ்வளவு துலக்கினாலும் அந்தக் கறை போகாது. பல் முளைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தாடைக்குள் அது உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே நேர்ந்துவிட்ட குறை அது. பாறைக் கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளோரைடு குழந்தையின் உடலில் அளவுக்கு மிஞ்சிச் சேரும்போது, பல்லின் மேலுறையான எனாமல், அதாவது பற்சிப்பி, முழுமையாக இறுகாமல் மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. மருத்துவர்கள் இதைப் பல் ஃபுளோரோசிஸ் என்கின்றனர். முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும் பல், பின்னர் உணவிலும் நீரிலும் உள்ள நிறமிகளை அத்துளைகளில் ஏற்றுக்கொண்டு பழுப்பாகிறது. ஞானப்பல் நீங்கலான நிலைப்பற்களின் பற்சிப்பி ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுவதால், அந்த வயதுக்குப் பின் அவ்வூருக்குக் குடிவந்தவரின் பற்களில் இக்கறை தோன்றுவதில்லை.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901-இல் தொழில் செய்ய வந்த பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, உள்ளூர் மக்களின் பற்களில் இதே பழுப்பைக் கண்டு, பல்லாண்டுகள் அதன் காரணத்தைத் தேடினார். குடிநீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடே காரணம் என்பது 1931-இல்தான் வெளிப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடு மிகுதியால் எலும்பும் மூட்டும் முடங்கும் நோய் 1937-இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. இன்றைய இந்தியத் தரநிலை, குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரோசிஸைத் தணிப்பதையே வெளிப்படையான நோக்கமாகக் கொண்டு, ஜப்பானின் கடனுதவியுடன் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் பற்சிப்பி உருவாகி முடிந்தவர்களுக்கு நல்ல நீரால் பற்களைத் திருப்பித் தர முடியாது. அவர்களுள் பலர் இப்போது வேலைக்கான நேர்காணலையும் பெண் பார்க்கும் சடங்கையும் எதிர்கொள்ளும் வயதினர். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துப் பழகியவர்கள்.

இவர்கள் பல் மருத்துவமனைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பல்லை ராவி ‘கேப்’ போட்டுவிட வேண்டும். கேப் எனப்படும் செயற்கைப் பல்லுறையைப் பொருத்துவதற்கு, முன்பல்லின் வெளியே தெரியும் பகுதியில் 63 முதல் 72 விழுக்காடு வரை ராவ வேண்டியிருப்பதாக 2002-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பற்சிப்பியை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், ஒருமுறை ராவி எடுத்த பற்சிப்பி மீண்டும் வளராது. கறையோ பெரும்பாலும் அதன் மேலடுக்குகளிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே, இழப்பு மிகக் குறைந்த முறையில் தொடங்கி, பலன் போதாதபோது மட்டும் அடுத்த முறைக்குச் செல்வதே நேர்மையான மருத்துவம்.

முதல் படியான நுண்தேய்ப்பில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் நுரைக்கல் பொடியைக் குழைத்துப் பல்லின் மீது மெல்லத் தேய்த்து, கறைபடிந்த மேலடுக்கை ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமளவே அகற்றுகின்றனர். ஈறு புண்ணாகாதிருக்க ரப்பர் விரிப்பால் பல்லைத் தனிமைப்படுத்திக்கொள்வது இன்றியமையாதது. எஞ்சும் பழுப்பை வெளுக்க, பல்லின் அச்சில் வார்த்த மெல்லிய தட்டில் கார்பமைடு பெராக்சைடு களிம்பை இட்டு இரவில் அணியும் முறை 1989 முதல் வழக்கில் உள்ளது.

பழுப்பு போனபின் வெண்திட்டுகள் முன்னிலும் எடுப்பாகத் தெரிவதுண்டு. ஜெர்மனியில் தொடக்கநிலைப் பற்சிதைவுக்காக உருவாகி, 2009 முதல் விற்பனையில் உள்ள பிசின் ஊடுருவல் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. நலமான பற்சிப்பியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62, காற்றினுடையது 1. துளைகளில் காற்று தங்கியிருப்பதால் ஒளி சிதறி அவ்விடம் வெண்மையாகத் தெரிகிறது. மருத்துவர் 15 விழுக்காடு அமிலக் களிம்பை இரண்டு நிமிடம் பூசிக் கழுவித் துளைகளின் வாயைத் திறந்து, எத்தனாலால் ஈரத்தை நீக்குகிறார். எத்தனால் பட்ட கணத்தில் திட்டு மங்கினால் சிகிச்சை பலிக்கும் என்று கொள்ளலாம். மங்காவிடில் அமிலத்தை மீண்டும் இடுவர். அதன்பின் நீர்போல் இளகிய பிசின், நுண்புழை ஈர்ப்பால் தானாகவே துளைகளுக்குள் இறங்குகிறது. அதன் ஒளிவிலகல் எண் பற்சிப்பியினதை நெருங்குவதால், எண்ணெய் பட்ட காகிதத்தில் ஒளி ஊடுருவுவதுபோல் வெண்மை மறைகிறது. நீல ஒளியில் பிசின் இறுகியதும் வேலை முடிகிறது. ஊசியும் இல்லை, ராவுதலும் இல்லை.

மேற்பரப்பில் குழிகள் விழுந்து ஓரங்கள் உடைந்த கடும் நிலைக்கு இம்முறைகள் போதா. பற்சிப்பியை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதைக் கவ்விப் பிடிக்கும் என்று மைக்கேல் புவனோகோர் 1955-இல் காட்டியதன் பயனாக, பல் நிறக் காம்போசிட் பூச்சும் வெனீர் எனப்படும் மெல்லிய பீங்கான் முகப்புத் தகடும் இன்று சாத்தியமாகியுள்ளன. முற்கூறிய ஆய்வின்படி, வெனீருக்கு 3 முதல் 30 விழுக்காடு வரை ராவினால் போதும். ஃபுளோரைடு மிகுந்த பற்சிப்பி அமிலத்துக்கு எளிதில் இளகாது. அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் அமிலமிடத் தவறினால் பூச்சு பெயர்ந்து வரலாம்.

கேப்புக்கும் இடமுண்டு, வேர் சிகிச்சை செய்து வலுவிழந்த பல்லுக்கும், பெரும்பகுதி உடைந்த பல்லுக்கும் அதுவே காப்பு. ஆனால் பதினெட்டு வயதில் பல்லின் நடுவேயுள்ள நரம்புக்கூழ் அகன்றிருப்பதால், ஆழமாக ராவினால் அது பட்டுப்போய், கறைக்காக வந்தவர் வேர் சிகிச்சைக்கு ஆளாகும் அபாயம் மிகுதி. எந்தக் கேப்பும் வாழ்நாள் முழுதும் நிலைப்பதன்று என்பதால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பல் மேலும் குறையும். நுண்தேய்ப்புக்கு வேண்டிய அமிலமும் பொடியும் ரப்பர் விரிப்பும் விலையுயர்ந்தவை அல்ல. ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்களின் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுகளில் இதை வழக்கமான சிகிச்சையாக்கி, கேப் கேட்டு வரும் ஒவ்வோர் இளைஞருக்கும் முதலில் இதையே அளிக்க வேண்டும்.