மணியை விடாத கம்பி

வெனிஸ் நகரில் சுடரில் காட்டிக் கண்ணாடி மணி செய்கிறவர்களில் ஒரு சாரார் மணியைக் கம்பியிலிருந்து உருவுவதே இல்லை. கம்பியைக் கரைத்துவிடுகிறார்கள். செம்பின்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி மணியாக்கி, ஆறியபின் நைட்ரிக் அமிலத்தில் போட்டுவிடுவார்கள். அமிலம் செம்பைத் தின்னும், கண்ணாடியைத் தொடாது. செம்பு இருந்த இடத்தில் வழவழப்பான துளை மிஞ்சும். கூடவே செம்பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு புகை கிளம்பும். நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு வாயு அது. ஒரு துளைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். துளை இல்லாவிட்டால் அதற்குப் பெயர் கோலிக்குண்டு.

இத்தாலியும் பிரான்சும் கூட்டாக முன்வைத்த கண்ணாடி மணிக் கலையை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், உள்ளே நெளியும் கோடுகளைப் பார்ப்பார்கள். பட்டறைக்குள் இருப்பவரின் கவலை வேறு: மணி கம்பியை விட்டு வருமா, வராதா?

நடுவே ஒரு பூச்சு

அமிலத்தோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் இன்று எடுத்துக்கொள்வது எவர்சில்வர் கம்பி. 1.6, 2.4, 3.2 மில்லிமீட்டர் கனங்களில் அது பரவலாகப் புழங்குகிறது. கம்பியின் ஒரு முனையைக் குழம்புப் பதத்தில் கரைத்த களிமண்ணில் முக்கியெடுத்துக் காயவைப்பார்கள். கயோலின் எனப்படும் சீனக் களிமண்ணும் அலுமினாத் தூளும் அந்தக் கலவையின் முக்கியச் சரக்குகள். சிலவற்றில் கிராஃபைட்டும் சேரும். புரொப்பேனும் ஆக்சிஜனும் கலந்தெரியும் சுடரில் கண்ணாடிக் குச்சியின் நுனி சுமார் 900 டிகிரி செல்சியஸில் இளகித் தொங்கும். அதைக் காய்ந்த பூச்சின்மேல் படியவிட்டு, கம்பியை விரல்களால் உருட்டிக்கொண்டே இருந்தால் மணி உருவாகும்.

இட்லித் தட்டில் விரிக்கும் துணியின் வேலைதான் இந்த மண்பூச்சுக்கும். வேகும்வரை மாவைத் தாங்க வேண்டும். வெந்தபின் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லியை விட்டுவிட வேண்டும். பூச்சு மிகவும் பலவீனமாக இருந்தால் மணி சுடரிலேயே கழன்று, கம்பியோடு சேர்ந்து சுழலாமல் நழுவும். வேலை அத்தோடு போச்சு. மிகவும் வலுவாக இருந்தால் ஆறியபின் இரண்டும் பிரியாது. இரண்டு கடினப் பொருள்களுக்கு நடுவே, உரிய நேரத்தில் உடைவதற்கென்றே வைக்கப்பட்ட மூன்றாவது பொருள் இது.

களிமண்ணுக்கு இந்த வேலை பொருந்துவதற்குக் காரணம் அதன் வேதியியல். கயோலினைச் சூடாக்கினால் 500 டிகிரிக்கு மேல் அதன் படிகக் கட்டமைப்புக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. அதன்பிறகும் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிடுவதில்லை. நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த பொடியடுக்காகவே நிற்கின்றன. அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். மணி செய்யும் சுடரில் அது அசையாது. தகித்துக்கொண்டிருக்கும் கண்ணாடிக்கும் எவர்சில்வர் கம்பிக்கும் இடையே இந்தப் பொடி காவல் நிற்கிறது. சுடரை ஒரே இடத்தில் வெகுநேரம் காட்டினால் பொடியும் இறுகத் தொடங்கும். சிக்கல்களில் ஒன்று அங்கே பிறக்கிறது.

பல்பு விரும்பியது, மணி வெறுப்பது

கண்ணாடி உலோகத்தில் ஏன் ஒட்டுகிறது? உலோகப் பரப்பில் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் உருகிய கண்ணாடியில் ஓரளவு கரைகிறது. கண்ணாடியும் ஆக்சைடுதான் என்பதால் இரண்டும் எளிதில் இணைகின்றன. ஒருபக்கம் உலோகம், மறுபக்கம் கண்ணாடி, நடுவில் இருவருக்கும் சொந்தமான படலம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே அதன்மேல் குரோமியம் ஆக்சைடு படலம் இருப்பதால்தான். சுடரில் அந்தப் படலம் மேலும் தடிக்கிறது. மண்பூச்சில் ஊசிமுனையளவு விரிசல் இருந்து, அதன் வழியே கண்ணாடி இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பிணைப்பு உறுதியாகிவிடும்.

மின்விளக்குத் தொழில் இதே பிணைப்பைத் தேடி அலைந்தது. பல்புக்குள் மின்சாரம் செல்லும் கம்பி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் அந்த வழியே காற்று புகக் கூடாது. தொடக்கக் காலப் பல்புகளில் இதற்குப் பிளாட்டினம் பயன்பட்டது. சூட்டில் அது விரியும் அளவு, சாதாரணக் கண்ணாடி விரியும் அளவுக்கு மிக நெருக்கமானது. இரண்டும் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கியதால் இணைப்பு விரிசல் விடவில்லை. பிளாட்டினத்தின் விலை கட்டுப்படியாகாமல், நிக்கலும் இரும்பும் கலந்த கம்பிக்குச் செம்புறை போட்ட டியூமெட் கம்பி பின்னாளில் அந்த இடத்தைப் பிடித்தது.

மணி செய்கிறவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். இரண்டும் சேர்ந்து சுருங்கக் கூடாது.

எட்டு மைக்ரான் உதவி

இங்கே இயற்பியல் அவர் பக்கம் நிற்கிறது. ஒரு மீட்டர் நீள எவர்சில்வர் கம்பியின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் அது சுமார் 17 மைக்ரான் சுருங்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முரானோ தீவில் செய்யப்படும் எஃபெட்ரே வகைக் கண்ணாடி அதே நிலையில் சுமார் 10 மைக்ரான்தான் சுருங்கும். 2.4 மில்லிமீட்டர் கம்பியில் செய்த மணி 500 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வருவதாக வைத்துக் கணக்குப் போட்டால், துளையைவிடக் கம்பி ஏறத்தாழ 8 மைக்ரான் கூடுதலாக ஒடுங்கியிருக்கும். தலைமுடியின் கனத்தில் இது சிறு பங்குதான். ஆனாலும் கம்பி கண்ணாடியை இறுக்காமல் விலக இது போதும். நீளவாக்கிலும் இதே வேறுபாடு மண்பூச்சை அரைத்துத் தளர்த்துகிறது.

ஒட்டிக்கொண்ட மணியைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தெடுக்கும் வழக்கம் மணி செய்வோரிடையே உண்டு. கம்பி மேலும் சுருங்கும் என்பது சரியான தர்க்கம். அளவுதான் ஏமாற்றம் தரும்: 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கினால் கிடைக்கும் கூடுதல் இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நனைந்த பூச்சிலுள்ள நீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதும் பொடியை நெகிழ்த்தக்கூடும். உறைந்த மணியை உடனே வெந்நீரில் போட்டால் வெப்ப அதிர்ச்சியில் கண்ணாடி வெடித்துவிடக்கூடும்.

கம்பியைச் சூடாக்கிப் பார்க்கலாமே என்ற யோசனை இன்னும் ஆபத்தானது. உள்ளே இருக்கும் எஃகு வெளியே இருக்கும் கண்ணாடியைவிட அதிகம் விரிந்து, மணியைத் துளைக்குள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது.

இழுப்பதா, திருகுவதா

மணியைக் கழற்றும் வேலை அவசரப்படாமல் இருப்பதில் தொடங்குகிறது. சுடரிலிருந்து வந்த மணியின் வெளிப்புறம் முதலில் ஆறி உட்புறம் பின்னால் ஆறுவதால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அதை நீக்க, எஃபெட்ரே கண்ணாடியைச் சுமார் 510 டிகிரிச் சூளையில் சிறிது நேரம் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். இந்தப் பக்குவம் பெறாத மணியைத் திருகினால் கையிலேயே உடையும்.

அடுத்தது தண்ணீர். கம்பியோடு மணியை ஊறப்போட்டால் நீர் மண்பூச்சின் நுண்துளைகளில் ஏறி, துகள்களுக்கிடையே உள்ள பிடிப்பைக் குறைக்கிறது. பிடிவாதமான மணி ஓரிரவு ஊறட்டும். பிறகு, மணி வெளியேற வேண்டிய பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் பூச்சைச் சுரண்டி, பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். வழியில் சிறு பிசிறு இருந்தாலும் விட்டு வந்த மணி அங்கே மாட்டும். கம்பி வளைந்திருந்தால் வளைந்த முனையை வெட்டி அரம் போடுவார்கள்.

அதற்குப் பின்தான் விசை. கட்டிங் பிளேயரோ வைஸோ பிடிக்க வேண்டியது கம்பியை; மணியைப் பிடிப்பது ரப்பர் துண்டு சுற்றிய விரல்கள். அனுபவசாலிகள் இழுப்பதைவிடத் திருகுவதை நம்புவதற்குக் கணக்கு இருக்கிறது. மணியின் ஆரம் 10 மில்லிமீட்டர், கம்பியின் ஆரம் 1.2 மில்லிமீட்டர் என்றால், விரல்கள் கொடுக்கும் விசை பூச்சில் ஏறத்தாழ எட்டு மடங்காகச் சேர்கிறது. இழுக்கும்போது இந்த ஆதாயம் கிடையாது. ஒருமுறை ‘நறுக்’கென்று பூச்சு விட்டுக்கொடுத்துவிட்டால் மணி சுழலத் தொடங்கும். சுழன்றுவிட்டால் உருவுவது எளிது. நீளமான குழல் மணிகள் அதிகம் சண்டைபிடிப்பது, பூச்சைத் தொடும் பரப்பு நீளத்துக்கேற்பக் கூடுவதால். திருகக் கைப்பிடியாகும் விட்டமோ அவற்றுக்குக் குறைவு.

எல்லாம் செய்தும் அசையாவிட்டால், கண்ணாடி எங்கேயோ எஃகைத் தொட்டிருக்கிறது என்று பொருள். மீயொலித் தொட்டியில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நீரில் உண்டாகும் நுண்குமிழிகள் வெடித்துப் பொடியை அரிக்கும். ஆக்சைடுப் பிணைப்பை அவற்றாலும் அவிழ்க்க முடியாது. அந்தக் கட்டத்தில் மணியை உடைத்துக் கம்பியைக் காப்பாற்றுவதா, கம்பியை ஒட்ட வெட்டி மணியை அப்படியே வைத்துக்கொள்வதா என்பதுதான் மிச்சம்.

கழன்ற மணியின் துளைக்குள் மண் மீந்திருக்கும். வைரத்தூள் பதித்த மெல்லிய அரத்தால் அதை எடுப்பார்கள், எப்போதும் தண்ணீருக்குள் வைத்து. இத்தகைய களிமண் கலவைகள் பலவற்றில் படிகச் சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். கல்குவாரித் தொழிலாளர்களை வாட்டும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம் இதே தூள்தான்.

கம்பியே இல்லாத மணிகள்

கம்பியைக் கழற்றும் தொல்லையே இல்லாமல் மணி செய்தவர்களும் உண்டு. கானா நாட்டின் குரோபோ மக்கள் பழைய கண்ணாடிப் புட்டிகளை இடித்துப் பொடியாக்கி, மண் அச்சின் குழிகளில் நிரப்புகிறார்கள். அச்சு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளாமலிருக்கக் குழிகளில் கயோலின் பூச்சு. துளைக்கு, நடுவில் மரவள்ளி இலைக் காம்பு ஒன்றைச் செருகுகிறார்கள். சூளையில் கண்ணாடிப் பொடி ஒன்றுசேரும்போது காம்பு எரிந்து சாம்பலாகிவிடும். உருவ எதுவுமே மிச்சமில்லை.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி செய்தவர்கள் காற்றையே துளையாக்கினார்கள். உருகிய கண்ணாடித் திரளின் நடுவே குழி உண்டாக்கி, அதை நீளமான மெல்லிய குழலாக இழுத்தார்கள். குழலுக்குள் துளையும் கூடவே நீண்டது. அதைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொன்றும் மணி. இந்தியப் பெருங்கடல் வழியே தென்கிழக்காசியா வரை பரவிய இவ்வகைச் சிறுமணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவர் அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். இதே வழிமுறை திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததை அவர் பதிவு செய்தார். அங்கும் ஒட்டும் பிரச்சினை முழுதாக ஒழியவில்லை: நறுக்கிய துண்டுகளின் கூர்விளிம்பை மழுக்க மறுபடி சூடாக்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டாமலும் துளை மூடாமலும் இருக்கச் சாம்பலோடு கலந்து வைத்தார்கள்.

அகழாய்வில் கிடைக்கும் ஒரு மணி எந்த வழியில் வந்தது என்பதை உருப்பெருக்கியின் கீழ் படிக்கலாம். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்து ஓடினால் அது கம்பியில் சுற்றிய மணி. துளைக்கு இணையாக நீண்டிருந்தால் குழலாக இழுத்து நறுக்கியது. துளை ஒருபக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருந்தால் கம்பி கூம்பு வடிவில் இருந்திருக்கலாம். கழற்ற வசதியான வடிவம் அதுதான். துளைச் சுவரில் மண்பூச்சின் எச்சம் ஒட்டியிருப்பதும் உண்டு. அதனால், பழைய மணிகளைத் துளையைப் பார்த்து முடிக்கும்வரை கழுவாமலிருப்பது நல்லது.