புயலில் சாய்ந்த கொல்லை மரங்களை மீட்டல்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல், தென்னந்தோப்புகளை மட்டுமன்றி வீட்டுக்கொல்லைகளில் நின்ற மா, பலா, எலுமிச்சை, முருங்கை முதலியவற்றையும் சாய்த்தது. இத்தகைய சேதம் நேர்ந்தவுடன் கோடரியை எடுப்பது நம்மவர் வழக்கம். குருத்து முறிந்த தென்னையின் விஷயத்தில் அது சரியே. அதற்கு வேறு முளை கிடையாது. ஏனைய மரங்கள் அப்படியல்ல. அவற்றின் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் அநேகம் உண்டு. மேற்பாகம் ஒடிந்தால் அவை துளிர்க்கத் தொடங்கும்.

ஆகையால் முதலில் செய்யத்தக்கது, கத்திமுனையால் பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்ப்பதே. உள்ளே பசுமையும் ஈரமும் காணப்பட்டால் அப்பாகம் உயிருடனிருக்கிறது. பழுப்பாய் உலர்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பார்க்கவேண்டும். சேதக் கணக்கெடுக்கச் செல்லும் கிராம அலுவலர்கள் இச்சோதனையைக் குடிகளுக்குக் காட்டிக்கொடுப்பார்களாயின், பல வருஷம் வளர்த்த மரம் ஒரே காலையில் விறகாகாமல் தப்பும்.

ஒருபுறத்து வேர்களேனும் மண்ணில் பிடித்திருக்கும் இளமரத்தைச் சில தினங்களுக்குள் நிமிர்த்திவிட வேண்டும். அதுவரையில் வெளிப்பட்ட வேர்களை ஈரச்சாக்கால் மூடிவைக்க. கிழிந்த வேர்களைச் சீராய் நறுக்கி, கிளைகளையும் பெரும்பாலும் கழித்துவிடுக. இதற்கு மனம் வராதவர் பலர். ஆனால் வேரில் பாதியை இழந்த மரம் முழுத் தழைக்கும் ஜலம் கொடுக்கமாட்டாது. பிறகு மெதுவாய்த் தூக்கி, மண்ணணைத்து மிதித்து, மூங்கில் முட்டுக்கொடுக்க. கயிறு பட்டையை அறுக்காதபடி இடையே சாக்கு வைப்பது நலம்.

வெட்டுவாய்களுக்குப் போர்டோ பசை பூசவேண்டும். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் ஜலத்திலும், புதிதாய்ச் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேறு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துப் பின் கலக்குக. மட்பாண்டமே ஏற்றது; இரும்புப் பாத்திரம் கூடாது. துலக்கிய கத்தியை அதில் சற்று நேரம் அமிழ்த்தினால் செம்புநிறம் படியுமாயின் சுண்ணாம்பு போதவில்லையென்று அறிக. நிழலிழந்து வெயிலில் காயும் அடிமரத்திற்கு வெள்ளையடித்தால் பட்டை வெடிக்காது.

இரக்கத்தால் எருவும் ஜலமும் மிகுதியாய் இடுவோரே மரத்தைக் கெடுப்பவர். புதுத்தழை முற்றும்வரை ரசாயன எரு வேண்டாம். ஈரம் மாறாமல் ஜலம் தேங்கினால் எஞ்சிய வேரும் அழுகும்.

செடிமுருங்கையைத் தரையிலிருந்து 3 அடி விட்டு வெட்டினால் போதும். நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். ஒட்டுமாவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் எவ்வளவு செழிப்பாயிருப்பினும் கிள்ளியெறிக. அது அடிச்செடியின் துளிரேயன்றி நீங்கள் நட்ட ஜாதியன்று.