கறிவேப்பிலையில் புழுவா? கொஞ்சம் பொறுங்கள்

"அக்கா, கறிவேப்பிலையைப் புழு தின்னுது, என்ன மருந்து அடிக்கலாம்?" வானொலியில் தோட்டம் பற்றிப் பேசும் நாளெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். எங்கள் வீட்டிலும் அம்மாவுக்கு இதே கவலைதான். கிள்ளானில் எங்களுடையது தாமான் வீடு. முன்வாசலில் ஒரு துண்டு மண். அதில் இரண்டு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, செம்பருத்தி. தாளிக்க இலை பறிக்கப் போனால் அங்கே ஒருவர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பெரும்பாலும் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம் என்பது நமக்கு மறந்திருக்கலாம், அதற்கு மறக்கவில்லை. சின்னப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சை. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது! எல்லாம் சரியாக நடந்தால் முட்டை சுமார் ஒரு மாதத்தில் வண்ணத்துப்பூச்சியாகிவிடும்.

"வேப்பெண்ணெய் அடிக்கலாமே, இயற்கைதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. இயற்கைதான். ஆனால் வேம்பில் உள்ள சத்து, புழு தோலுரித்து வளர்வதையே தடுத்துவிடும். மாவுப்பூச்சிக்கு அடித்தாலும் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையும் சேர்ந்தே போகும். ஆகவே பூச்சி இருக்கும் கிளையில் மட்டும் துணியில் தொட்டுத் துடையுங்கள். செடி முழுக்கத் தெளிக்க வேண்டியதில்லை.

இரசாயன மருந்தைப் பற்றிக் கேட்டால் அம்மாவுக்கு ஒரே பதில்தான்: "புழு கடிச்ச இலைய கிள்ளிப் போட்டுட்டு மிச்சத்த ரசத்துல போடலாம். மருந்தடிச்ச இலைய என்ன செய்ய?"

அதே சமயம் சமையலுக்கு இலையும் வேண்டுமே! நன்கு வளர்ந்த செடியை மொட்டையாக்கினாலும் மறுபடி துளிர்க்கும். முழங்கால் உயரக் கன்று தாங்காது. அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம். சின்னச் செடிக்குப் பழைய கொசுவலை, அது அம்மாவுடையது. பெரியது புழுக்களுக்கு. வலைச் செடியில் தப்பித்தவறிப் புழு இருந்தால் இலையோடு கிள்ளிப் பெரிய செடியில் விட்டுவிடுவோம்.

மருந்தை நிறுத்தினால் சிலந்திகளும் தங்கும். முகம் சுளிக்காதீர்கள். செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு, சிலந்தி வலையின் இழையை வைத்துத்தான் கூட்டைக் கட்டுகிறது. குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது. சிலந்தியும் சின்னப் பூச்சிகளும்தான் ஊட்ட உணவு. துணிக்கொடியிலோ வாசல் ஒயரிலோ கூடு தொங்கினால் சில வாரங்களுக்குத் துணியை வேறிடத்தில் காயப்போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் இரக்கம் வேண்டாம்: கொசு. டிங்கி பரப்பும் ஏடிஸ், தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுத் தண்ணீரிலேயே வளர்ந்துவிடும். பறவைக்கு வைக்கும் தண்ணீரைத் தினமும் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டை எடுத்தே விடுங்கள்.

தொட்டியை நகர்த்தும்போதும் கிளையை வெட்டும்போதும் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். காய்ந்த இலைபோல் ஒன்று மெல்லிய நூலில் சாய்ந்து நின்றால் அது கூட்டுப்புழு. பத்து நாள் போல அப்படியே விட்டுவிடுங்கள். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் காலையில்தான் வெளியே வரும், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே பிள்ளைகளை எழுப்ப வேண்டியிருக்கும்.