காவலர் தலைவன் டாக்பெரி

நாடகங்களில் வரும் நகைச்சுவைத் துணைமாந்தரை, கதையின் நடுவே அவையோரை இளைப்பாற்றிச் செல்வோர் என்றே பலரும் கொள்வர். சேக்சுபியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' என்னும் இன்பியல் நாடகத்தை ஊன்றி நோக்குவார்க்கு இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

மெசினா நகர ஆளுநன் லியோனாட்டோவின் மகள் ஹீரோ. அவளை மணக்கவிருப்பவன் கிளாடியோ. அம்மணத்தைக் குலைக்க எண்ணிய டான் ஜானின் ஏவலாளாகிய போராச்சியோ, முதல்நாள் இரவு, பணிப்பெண் மார்கரெட்டைச் சாளரத்தருகே ஹீரோ எனப் பெயரிட்டழைத்து உரையாடுகின்றான். மறைவில் நின்று கண்ட கிளாடியோவும் இளவரசன் டான் பெட்ரோவும் அச்சூழ்ச்சியை மெய்யென நம்பிவிடுகின்றனர். உயர்குடிப் பிறந்த அவ்விருவரும் அறியாத உண்மையை அவ்விரவே அறிந்தவர் யாவர்? ஊர்க்காவல் புரியும் எளியோரே. மழைத் தூறலுக்கு ஒதுங்கி நின்ற போராச்சியோ, ஆயிரம் பொற்காசு பெற்ற செய்தியைத் தன் தோழனிடம் பெருமையுடன் கூற, அதனைக் கேட்ட காவலர் இருவரையும் பிடித்துக்கொள்கின்றனர்.

இனி, மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியைக் காண்போம். மணவேளை நெருங்குகின்றது. டாக்பெரியும் முதியவனாகிய வெர்ஜசும் ஆளுநனிடம் செய்தி சொல்ல வருகின்றனர். ஆனால் டாக்பெரிக்குப் பெருஞ்சொற்களில் தீராக் காதல். 'மதித்தல்' எனக் கருதி 'ஐயுறுதல்' என்பான். கைதியை நோக்கி 'என்றும் நீங்காத் தண்டனை' எனச் சொல்லக் கருதி 'என்றும் நீங்கா மீட்பு' என்பான். வெர்ஜசு கூற வாயெடுத்ததையும் தடுத்து, அவன் முதுமையை எண்ணி இரங்கத் தொடங்குகின்றான். பொறுமையிழந்த லியோனாட்டோ, கைதிகளை நீங்களே உசாவுங்கள் எனக் கூறி மணவிழாவிற்கு விரைகின்றான். சிறிது பொறுத்திருப்பின் தன் மகள் திருக்கோயிலில் பலர்முன் பழிச்சொல் கேட்டு மயங்கி வீழும் நிலை நேர்ந்திராது. அவையினர் நகைக்கும் அதே பேச்சே ஹீரோவின் துயருக்கு வழிவிடுகின்றது. நகையும் அவலமும் ஒரே வினையினின்று பிறக்குமாறு அமைத்த இத்திறம் இந்நாடகத்தின் தலையாய சிறப்பு என்பது எம் கருத்து.

உசாவலிலும் டாக்பெரி உண்மையைக் காணான். அதனைக் காண்பவன் அருகிருக்கும் எழுத்தன். தன்னைக் கழுதையென ஏசிய சொல் ஏட்டில் ஏறவில்லையே என்பதே டாக்பெரியின் கவலை! ஆயினும் அவன் கொணர்ந்த கைதியின் வாய்மொழியால்தான் ஹீரோவின் பழி நீங்குகின்றது.

1600ஆம் ஆண்டு வெளிவந்த முதற் பதிப்பில், இவ்வுசாவற் காட்சியில், டாக்பெரி, வெர்ஜசு என்னும் பெயர்களுக்கு ஈடாகக் கெம்ப், கௌலி என்னும் நடிகர் பெயர்களே பெரிதும் அச்சாகியுள்ளன. எழுதும்போதே அந்நடிகரின் குரல் ஆசிரியர் செவியில் ஒலித்தது போலும்.